சுலபத்தில் என்ன குறைச்சல்?

"குறுக்கெழுத்து மூளைக்கு நல்லதாமே?" என்று யாராவது கேட்டால் உடனே தலையாட்டிவிடுகிறோம். ஞாபகமறதி வராது என்று ஒரு வைத்தியக் காரணம் சொன்னால்தான், காலையில் பேப்பரும் பேனாவுமாக அரைமணி உட்கார அனுமதி கிடைக்கும்போல. பிடித்திருக்கிறது, அதனால் போடுகிறேன் என்று சொல்ல இத்தனை கூச்சம்.

அதிலும் நான் போடுவது சுலபமான ரகம். நான் இருப்பது செகந்திராபாத் லாலாகுடாவில். 1893இல் நிஜாம் ரயில்வே அமைத்த ஒர்க்‌ஷாப்பை ஒட்டி வளர்ந்த பேட்டை. கை சுத்தமாக வேலை செய்கிறவனுக்குத்தான் இங்கே மரியாதை. ரிடையரான எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், இது பசங்க போடறதாச்சே! ஹிண்டுல வர்ற கிரிப்டிக் போட மாட்டீங்களா?" என்பார்.

அந்தக் கிரிப்டிக்குக்கும் எங்கள் ஊருக்கும் உறவுண்டு. 1971இல் 'தி ஹிண்டு' சொந்தமாகக் குறுக்கெழுத்து வெளியிட ஆரம்பித்தபோது அதை முதலில் அமைத்தவர் ராம்தாஸ் கட்டாரி. செங்கல்பட்டில் பிறந்து, 1958இல் இந்தியக் கடற்படைத் தளபதியான முதல் இந்தியர். 1983இல் செகந்திராபாத்தில் காலமானார். கிரிப்டிக்கில் அமைப்பவர் விடையை ஒளித்து வைக்கிறார். கண்டுபிடித்தால் அவரையே ஜெயித்த பெருமை. எனக்கும் அந்தப் பெருமை பிடிக்கும். ஆனால் அது ஓய்வில்லை, இன்னொரு பரீட்சை.

பரிசு வந்தால் ஆட்டத்தின் குணமே மாறிவிடும். 1930களில் வாசனின் ஆனந்த விகடன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டி விற்பனையை எங்கோ கொண்டுபோனது. இத்தகைய போட்டிகளில் பணம் புரளப் புரள, சூதாட்டம் என்ற பேச்சும் எழுந்தது. 1955இல் மத்திய அரசு சட்டமே போட்டு, மாதப் பரிசுத் தொகை ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்றது. இன்று ஆட்டத்தின் குணத்தை மாற்றும் வேலையைச் செல்போன் செய்கிறது: எத்தனை நிமிடத்தில் முடித்தாய், எத்தனை நாள் விடாமல் போட்டாய் என்று கணக்குக் கேட்கிறது.

போடுகிறவருக்குச் சுலபமாக இருப்பது அமைப்பவருக்குச் சுலபமில்லை. 'வாசலில் போடுவது, மூன்றெழுத்து' என்றால் குழந்தைகூடக் கோலம் என்று எழுதிவிடும். ஆனால் அந்த மூன்றாம் கட்டத்தில் 'ம்' நிற்கிறது. தமிழ்ச் சொல் புள்ளி எழுத்தில் தொடங்காது. ஆகவே அங்கிருந்து கீழே ஒரு சொல்லை இறக்க முடியாது. கும்பம், கம்பளி என்று நடுவில் 'ம்' வரும் சொல்லையோ, மரம், பாலம் என்று அதில் முடியும் சொல்லையோதான் மேலேயிருந்து கொண்டுவர வேண்டும். அந்தச் சொல்லும் எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். யாரோ இவ்வளவு அழித்து எழுதியதால்தான் நமக்குத் தடங்கலில்லாமல் ஓடுகிறது.

அப்படி ஒருவர் பார்த்துப் பார்த்துப் பரிமாறியதை, 'கடினமாக இல்லையே' என்று குறை சொல்வது விருந்தில் முள்ளில்லாத மீனைக் குறை சொல்வது மாதிரி. உழைப்புக்குக் கூலியாக வரும் சந்தோஷம் ஒன்று உண்டு. வாழ்நாளெல்லாம் அதற்காகத்தானே ஓடுகிறோம். கூலியாக வராத சந்தோஷமும் உண்டு. அதை வாங்கிக்கொள்ள எந்தத் தகுதியும் வேண்டாம். யாருக்கும் விளக்கம் சொல்லவும் வேண்டாம்.