வாடகை வாங்குபவரின் பொறுப்பு

மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் அன்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். மாடியில் குடியிருப்பவர் குழாயைச் சரியாக மூடாமல் வெளியூர் போய்விட்டாராம். இரவெல்லாம் வழிந்த நீர், கீழே மற்றொருவர் நடத்தும் துணிக்கடைக்குள் இறங்கிச் சரக்கை நாசமாக்கிற்று. கடைக்காரரோ வீட்டுக்காரரிடம்தான் இழப்பீடு கேட்கிறார். "வாடகை வாங்குவது நீங்கள்தானே!" என்பது அவர் வாதம்.

"ஹஜ்ரத், நான் கொடுக்கத்தான் வேண்டுமா?" என்றார் அன்பர்.

வாடகை வாங்குவதனாலேயே ஒருவர் பொறுப்பாளியாகி விடுவதில்லை. ஒருவர் சுமையை மற்றவர்மீது ஏற்றுவதைத் திருமறை மறுக்கிறது. இழப்பை ஈடுசெய்யும் கடமையை மார்க்கச் சட்ட நூல்கள் 'ளமான்' என்கின்றன. நேரே சேதம் விளைத்தவர் ஒருவர், அதற்குக் காரணமாக அமைந்தவர் வேறொருவர் என்றால், ளமான் முன்னவரையே சாரும். உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை ஹனபி மத்ஹபின்படி தொகுத்த 'மஜல்லா'வின் 90-ஆம் விதி இது. இதை எடுத்துச் சொன்னோம். அன்பரின் முகம் மலர்ந்தது.

அந்த மலர்ச்சிதான் நம்மை உறுத்திற்று. "குழாய் நல்ல நிலையில் இருந்ததா?" என்று கேட்டோம். சற்றுநேரம் பேசாதிருந்தவர், திருகு தேய்ந்திருந்ததென்றும், குடியிருப்பவர் இருமுறை சொல்லியும் தாம் கவனிக்கவில்லையென்றும் ஒப்புக்கொண்டார்.

ஹனபி நூல்களில் சாய்ந்த சுவரைப் பற்றிய சட்டம் ஒன்றுண்டு. நேராகக் கட்டிய சுவர் நாளடைவில் அண்டை வீட்டுப் பக்கம் சாய்கிறது. அதை இடிக்கும்படி அண்டை வீட்டார் கேட்டு, அவகாசம் இருந்தும் உரியவர் இடிக்காமல் விட்டு, அது விழுந்தால் அவர் ஈடுசெய்ய வேண்டும். கேட்கப்படாதிருந்தால் ளமான் இல்லை. அந்த எச்சரிக்கையை அவ்வீட்டில் வாடகைக்கு இருப்பவரிடம் சொன்னால் செல்லாது. இடிக்கும் அதிகாரம் அவருக்கு ஏது? என்ன நுட்பமான பார்வை! சுவர் தமதாயிருப்பது மட்டுமே ஒருவரைப் பிடித்துவிடுவதில்லை. தெரிந்தும், தடுக்கக் கூடியவராயிருந்தும் வாளாவிருந்ததே பிடிக்கிறது.

"நாங்கள் ஷாபிஈ ஆயிற்றே, ஹஜ்ரத்!" என்றார் அன்பர். விஷயம் தெரிந்தவர்தாம். நேராகக் கட்டிய சுவர் பின்னால் சாய்ந்து விழுந்தால் ளமான் இல்லை என்பதே இமாம் நவவி தம் 'மின்ஹாஜி'ல் முற்படுத்தும் கருத்து. ஆனால் வாடகை வீட்டைச் செப்பனிடுவது வீட்டுக்காரரைச் சார்ந்தது, அவர் முன்வராவிட்டால் குடியிருப்பவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பதும் அதே மின்ஹாஜில்தான் இருக்கிறது. தமக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் புரட்டுவது நம் எல்லாருக்குமே பழக்கமாகிவிட்டது.

காழியின் முன் இவ்வழக்கு போனால் அன்பர் தப்பிவிடலாம். மாடிக்காரரின் கவனக்குறைவும் பொய்யன்று. எனினும், அவர் இருமுறை வந்து சொன்னது அன்பரின் காதில் விழுந்ததே. அதை அவர் எந்த மத்ஹபில் கொண்டுபோய் வைப்பார்?

"அப்படியானால் எவ்வளவு கொடுப்பது?" என்று கேட்டார். தொகை சொல்ல நமக்கு உரிமையில்லை. மூவரும் கடையிலேயே அமர்ந்து, நனைந்த சரக்கைப் பார்த்துப் பேசிக்கொள்ளுமாறு சொன்னோம். போகும் வழியில் புதுக் குழாய் ஒன்றை வாங்கிச் செல்லுமாறும் சொன்னோம்.