வினைமுதல் யார்?

செயலைச் செய்பவரைத் தமிழ் இலக்கணம் வினைமுதல் என்கிறது. அதில் இரு வகையும் காட்டுகிறது. கல் சுமந்து அடுக்கியவர் இயற்றுதல் கருத்தா. கரிகாலன் கல்லணை கட்டினான் என்றால் கரிகாலன் ஏவுதல் கருத்தா. கல் சுமக்காத அரசுக்கும் செயல் உண்டு. ஆகவே பொறுப்பும் உண்டு.

2023 மே மாதம், திண்டிவனம் கோட்டத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்த மீனவர்கள் அடுத்தடுத்து இறந்தனர். விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் 20 பேருக்கு மேல் மாண்டனர். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்ததும், குடித்துச் செத்தவர்களுக்கு எதற்குப் பணம் என்ற கேள்வி எழுந்து நீதிமன்றம் வரை சென்றது. குடித்தவரே வினைமுதல் என்னும் அந்தக் கணக்கு தவறானது.

குடித்தவருக்குப் பங்கில்லை என்பதல்ல. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார். ஆனால் அவர்கள் விரும்பி வாங்கியது சாராயம். உள்ளே போனது ஆலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால். உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழிக்கும் நஞ்சு அது. தனிமனித உரிமைக்காக 1859-இல் நூல் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில்கூட, பாலம் ஆபத்தானது என்று அறியாமல் அதில் ஏறப்போகிறவரைப் பிடித்து நிறுத்துவது அவர் சுதந்திரத்தைப் பறிப்பதாகாது என்றார்.

அரசோ அறியக்கூடிய இடத்தில் இருக்கிறது. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அதன் கையில். அதற்கெனத் தனிக் காவல் பிரிவு. 2003 முதல் சில்லறை மது விற்பனையும் டாஸ்மாக் வழியே அதனிடமே. செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதும் கேடே என்று தெரிந்துசெயல்வகையில் வள்ளுவர் வகுத்தது இவ்விடத்துக்கே பொருந்தும். சேக்கிழார் மனுநீதிச் சோழன் வரலாற்றில் இன்னும் நுட்பமாகப் போகிறார். அரசன் தீர்க்கவேண்டிய ஐந்து அச்சங்களில் அவனாலும் அவன் பரிவாரத்தாலும் வருபவை முதலில் நிற்கின்றன. பகைவரும் கள்வரும் பிறகே. மெத்தனால் விற்றவர் கள்வர் வரிசை. கண்டும் காணாமல் இருக்கும் அதிகாரி பரிவார வரிசை. எக்கியார்குப்பத்துக்குப் பின் காவல் அதிகாரிகளை அரசே பணியிடைநீக்கம் செய்தது. அந்த 10 லட்சம் கருணையன்று, கடன். பாண்டியன் நெடுஞ்செழியன் பொற்கொல்லனின் பொய்யைக் காட்டித் தப்பவில்லை. பிழையைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டான்.

2019 வரை விழுப்புரத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில், 2024 ஜூனில், மீண்டும் மெத்தனால் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. முந்தைய ஆண்டுச் சாவுகளைக் கண்ட அரசு இம்முறை அறியவில்லை என்று சொல்ல இடமில்லை. சாவுக்குக் காரணமான கள்ளச்சாராயக்காரருக்கு ஆயுள் சிறை என்று சட்டம் திருத்தப்பட்டது, அந்த இரண்டாவது சாவு வரிசைக்குப் பிறகுதான்.