கேட்டுப் பாருங்கள்!

“இந்தப் பாட்டுக்குக் கருத்து சொல்லுங்க, நாளைக்கு நோட்டு வைக்கணும்” என்று பிள்ளை வந்து நிற்கும்போது, நான்கு வரி சொல்லி அனுப்பிவிடுவது எளிது. மதிப்பெண் வந்துவிடும். பாட்டு மட்டும் பிள்ளையின் மனதுக்குள் போயிருக்காது.

புறநானூற்றின் 312ஆம் பாடலையே எடுத்துக்கொள்வோம். பொன்முடியார் பாடியது. பேசுபவள் ஒரு தாய். ஒரு மகன் ஆளாக யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று அடுக்குகிறாள். பெற்று வளர்ப்பவள் தாய், பண்புள்ளவனாக ஆக்குபவர் தந்தை, வேல் செய்து கொடுப்பவர் கொல்லர், நல்வழியில் நிறுத்துபவன் அரசன், களத்தில் வென்று திரும்ப வேண்டியவன் மகன்.

இந்தப் பொருளைச் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். “இதில் ஆசிரியர் எங்கே? மகளைப் பற்றி ஏன் பேச்சில்லை? போர் இல்லாத ஊரில் உன் கடமை என்ன? நீ எழுதினால் யாரைச் சேர்ப்பாய்?” என்று கேளுங்கள். கொஞ்சம் யோசிக்க விடுங்கள். தப்பும் தவறுமாகச் சொன்னாலும் அது அந்தப் பிள்ளையின் சொந்த விடை.

பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் பெரியவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையில்தான் கற்றல் நடக்கிறது என்றார் சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934). நாம் முழு விடையையும் கொடுத்துவிட்டால் அந்த இடைவெளியே இல்லாமல் போகிறது.

வீட்டுப்பாடம் பிள்ளையுடையது. துணை நில்லுங்கள், பேனாவை அவர்கள் கையிலேயே விடுங்கள்.