மேனாட்டார்க்குச் சித்தாந்தம் உரைக்குமாறு

(கடையநல்லூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



இக்கடையநல்லூரினின்றும் பொருள் தேடிக் கடல் கடந்து சென்றார் பலர். மேனாட்டு நண்பர் அவருட் சைவரை நோக்கி, "நுங்கள் சமயம் கூறும் மெய்ப்பொருள் யாது?" என வினவுதல் இயல்பே. விடை எளிதாதல் வேண்டும். ஆயினும், எளிமை கருதிப் பொருளையே மாற்றிவிடுதல் தகுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

ஆணவம் என்னும் ஒரு சொல்லையே காண்மின். அதனைச் செருக்கு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாற் பெயர்ப்பார் உளர். கேட்போர், அஃது ஒரு குணக்குற்றம், முயன்றால் தாமே விடலாம் என்று கொள்வர். சித்தாந்தம் கூறும் ஆணவமோ, உயிரோடு அநாதியே உடனாய் நின்று அதன் அறிவை மறைக்கும் இருள். செம்பிற் களிம்பு போல்வது. செம்பு தன் களிம்பைத் தானே போக்கிக்கொள்ளமாட்டாது. அதனாலன்றோ திருவருள் வேண்டப்படுகின்றது! ஒரு சொல் பிறழவே, அருளுக்கு இடமின்றாயிற்று. அருளை நீக்கியபின் எஞ்சுவது நல்லொழுக்க போதனையேயன்றிச் சித்தாந்தமன்று.

இதற்கு முன்னோர் வழிகாட்டியுள்ளனர். மெய்கண்டார் 12 சூத்திரங்களாக, 40 அடிகளிற் சிவஞானபோதத்தை அருளினார். நம் பொதியமலைச் சாரலில், விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்த சிவஞான முனிவர் அச்சிறு நூலுக்குத் திராவிட மாபாடியம் என்னும் பேருரை வகுத்தார். தமிழர்க்கே இத்துணை விளக்கம் வேண்டுமாயின், பிறமொழியார்க்கு எத்துணை வேண்டும்! ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1895-இல் அந்நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டபொழுது, மொழிபெயர்ப்போடு அமையாது விளக்கக் குறிப்புக்களும் சேர்த்தனர். 1897-இற் சித்தாந்த தீபிகை என்னும் மாத இதழையும் தொடங்கினர். நெல்லைச் சீமையிற் சாயர்புரத்திற் கிறித்தவப் பணியாற்றிய ஜி. யு. போப்பையர், 1900-இல் ஆக்ஸ்போர்டில் திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்டபொழுது, தமிழ் மூலத்தையும் உடன் பதிப்பித்தனர். அயற்சமயத்தாராகிய அவரே மூலத்தை விலக்கவில்லையெனின், நாம் நம் சொற்களைக் கூற நாணுதல் எற்றுக்கு?

"இங்ஙனம் விரித்தாற் கேட்பார் பொறுப்பரோ?" எனின், கூறுதும். மருந்தைத் தேனிற் குழைத்துத் தரலாம். மருந்தை நீக்கித் தேனை மட்டும் தந்தால் நோய் தீராது. தேன் உவமை, மருந்து பொருள். ஆதலின் பதி, பசு, பாசம் என்னும் சொற்களை உள்ளவாறே கூறுமின். பின் செம்பும் களிம்பும் காட்டி விளக்குமின். நாழிகையொன்றில் ஒரு சொல்லே விளங்கினும் அமையும். அவ்வாறு உரைத்தற்கு முதற்கண் நாம் அந்நூல்களை ஓதியுணர்தல் வேண்டும். பிறர்க்கு உரைக்கப் புகுவார்க்கு வாய்க்கும் முதற்பயன் அதுவேயாம்.

திருச்சிற்றம்பலம்.