பழைய துப்பாக்கி யார் கைக்கு?

ஆடித்தபசுக் கூட்டம். சங்கரன்கோவில் ரத வீதியில், மரக்கட்டை வைத்த நீளத் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர். "இது வெடிக்குமாண்ணே?" என்றேன். "வெடிக்காம இருக்கத்தான் நிக்கோம்" என்றார்.

1999-ல் கார்கில் குளிரில் இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது. சாகத் துணிந்து போகிறவன் கையில் நம்பமுடியாத பொருளைக் கொடுத்தனுப்புவது அநியாயம். மாற்றத்தான் வேண்டும், 2019-ல் சிக் 716, 2021-ல் ஏகே-203 என்று ஒப்பந்தங்களும் போட்டாச்சு. இன்சாஸின் 5.56 மில்லிமீட்டர் குண்டுக்கு, 'காயம்பட்டவனைத் தூக்க இன்னும் ரெண்டு பேர் வேணும்' என்று ஒரு நியாயம் சொல்வார்கள். இப்போது 7.62. விழுந்தவன் எழக்கூடாது.

என் சிக்கல் வேறு. ராணுவம் கழித்தது போலீஸுக்கு வருகிறது. .303 அப்படி வந்ததுதான். உத்தரப்பிரதேசப் போலீஸ் அதற்கு விடைகொடுத்ததே 2020-ல். பிறகு எஸ்.எல்.ஆர். எல்லையில் எதிரியை வீழ்த்தச் செய்தது, தெருவில் யாரைக் குறிபார்க்கும்? பக்கத்துத் தூத்துக்குடியில், 2018 மே மாதம், 13 பேர். வேன்மேல் நின்று குறிவைத்த அந்தப் படம் இன்னும் கண்ணை விட்டுப் போகல.

வெள்ளைக்காரன் காலத்தில் .303-ஐயே .410 மஸ்கட்டாக மாற்றிப் போலீஸுக்குக் கொடுத்தார்கள். குண்டு தூரம் போகாது. பறிபோனாலும் ராணுவக் குண்டு அதில் சேராது. (கருணை இல்லை, பயம்தான்.) அந்தக் கணக்காவது போட்டார்கள். புதுசு வாங்கும் ஒப்பந்தத்தில், பழசு யார் கைக்கு, யாரை நோக்கி என்று ஒரு வரி வேண்டாமா?

அந்தண்ணன் துப்பாக்கியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, ஒரு பாட்டிக்கு வழிவிட்டார்.