ஊரழிவும் உயிர்வினையும்

இத்தாலி நாட்டின்கண் வெசூவியசு என்னும் எரிமலை கி. பி. 79-ஆம் ஆண்டிற் பொங்கியெழுந்து, பொம்பெயி என்னும் உரோம நகரை மூடிற்று. முதனாள் நுரைக்கல் மழைபோற் சொரிந்தது. மறுநாட் காலை வெவ்விய சாம்பற்பெருக்கு மதில்கடந்து புகுந்து, ஊரில் எஞ்சினாரை மாய்த்தது. இதனைக் கேட்பார் சிலர், அவ்வூரார் செய்த பாவமே அவரை அழித்ததென எளிதிற் கூறிவிடுகின்றனர். வினைக்கொள்கையுடைய நாமும் அங்ஙனங் கூறற்பாலமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

வினை உயிர்க்குரியது, ஊர்க்குரியதன்று. ஒரு சந்தையிற் கூடினார் பலரும் ஒரு பொருளே கொள்ள வந்தாரல்லர். அதுபோல, பூதங்கள் வாயிலாக வருந் துன்பம் பலர்க்கு ஒருங்கே வரினும், நுகர்ச்சி அவரவர்க்குத் தனித்தனியேயாம். ஆகலின் ஒருநாளில் இறந்தமை பற்றி அனைவரும் ஒரு குற்றஞ் செய்தாரென்றல் பொருந்தாது.

இன்னும் ஒன்று. மாண்டாருடல் அழிந்தபின் இறுகிய சாம்பரில் அவ்வுருவங்கள் குழிகளாய் நின்றன. 1863-ஆம் ஆண்டில் பியோரெல்லி என்பார் அக்குழிகளிற் சாந்து வார்த்து உருவெடுக்கும் முறையைக் கையாண்டனர். அம்முறையாற் பின்னர் எடுத்தவற்றுள், பொற்கடகத்தோடு காணப்பட்ட ஒருவர் மடியில் ஒரு குழவியும் இருந்தது. தாயுஞ் சேயுமெனக் கொண்டு கண்டார் பலரும் நெஞ்சுருகினர். 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியோ, அவர் ஆடவரென்றும் குழவிக்குக் குருதியுறவினர் அல்லரென்றுங் காட்டிற்று. கண்முன் கிடக்கும் உடம்பின் உறவையே பிறழவுணரும் நாம், காணப்படாத வினையைக் கண்டார்போற் பேசுதல் என்னை? வினையறிந்து பயன் கூட்டுவான் முதல்வன் ஒருவனே.

அற்றேல், அவரவர் வினை அவரவரை உறுதலின் பிறர் இடைபுகுந்து காத்தல் வேண்டாவெனின், அது கன்னெஞ்சர் கூற்றாம். நம்மவருள்ளும் இங்ஙனம் பேசுவார் உளர். துன்புறுவார் நுகர்வது அவர்தம் பிராரத்தம். அதனைக் கண்டு நாம் செய்வதும் செய்யாதொழிவதும் நம் ஆகாமியம். முன்னதைக் காட்டிப் பின்னதினின்றுந் தப்புதல் கூடாது.

அக்காலத்து மிசேனத் துறையிற் கப்பற்படைத் தலைவராயிருந்த மூத்த பிளினி, மலைமேலெழுந்த முகிலை ஆராயும் விருப்பினாற் புறப்படலுற்றார். அந்நிலையில், மலையடியிலிருந்த ஒரு பெண்மணி உதவி வேண்டி விடுத்த ஓலை வந்தது. சிறு கலத்தை விடுத்துப் பெருங்கலங்களைச் செலுத்திப் பலரையுங் காக்கச் சென்றார். சுதாபியே என்னும் ஊர்க்கரையில் உயிர்நீத்தார். பகலொளி மீண்டபோது அவருடல் ஊறின்றி உறங்குவார்போலக் கிடந்ததென, அவர் மருகர் இளைய பிளினி வரலாற்றாசிரியர் தாசித்தசு என்பார்க்கு எழுதிய திருமுகத்தாற் பெறப்படுகின்றது.