கொடிக்கயிறும் வான்கம்பியும்

பொழுதுபோக்கு என்னும் சொல், பொழுது வேண்டாத பொருள், அதை எப்படியாவது போக்கித் தீர்க்க வேண்டும் என்னும் எண்ணத்தை உள்ளடக்கியிருக்கிறது. தனித்து வாழ்பவருக்கு இது பொருந்தலாம். குடும்பத்தில் வாழ்பவருக்கோ பொழுது என்பது பங்குக் கிணற்றுத் தண்ணீரைப் போன்றது. ஒருவர் கூடுதலாக இறைத்தால் இன்னொருவரின் பாத்தி காயும். ஆகவே ஒருவர் தமக்கென ஒரு விருப்பத்தை வளர்த்துக்கொண்டு அதில் தோய்ந்து மகிழ்வது குடும்ப வாழ்வோடு ஒத்துப்போகுமா, போகுமாயின் எவ்வகையில் என்பது சிறிய வினாவன்று. இடம், பணம், நேரம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கேட்கும் ஒரு விருப்பத்தை எடுத்துக்கொண்டால் இவ்வினா தெளிவாக உருப்பெறும். ஹாம் வானொலி என்று வழங்கும் அமெச்சூர் வானொலி அத்தகையது.

அமெச்சூர் வானொலி என்பது, வருவாய் கருதாமல், கற்கும் ஆர்வத்தாலும் நட்பு நாட்டத்தாலும் தனிமனிதர்கள் தம் வீட்டிலேயே டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் அமைத்து, தம்மைப் போன்ற பிறரோடு அலைவழி நேரடியாக உரையாடுவதாகும். இந்தியாவில் இதற்கென 1978ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளின்படி, 12 வயது நிறைந்தவர் மின்னணுவியலிலும் வானொலி விதிகளிலும் தேர்வெழுதி உரிமம் பெறலாம். உயர்நிலை உரிமம் வேண்டுவோர் புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் முறையிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். உரிமம் பெற்றவருக்கு உலகில் வேறெவருக்கும் இல்லாத அழைப்புக்குறி ஒன்று வழங்கப்படும். இந்தியருடையது பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 எனத் தொடங்கும். பட்டம் விடுவதற்கோ தபால்தலை சேர்ப்பதற்கோ அரசின் தேர்வு எதுவும் இல்லை என்பதை நினைத்தால், இவ்விருப்பம் நுழைவாயிலிலேயே உழைப்பைக் கேட்பது விளங்கும்.

முதலில் அது கேட்பது இடம். இரவில் பலரும் நாடும் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் அலைநீளம் ஏறத்தாழ 40 மீட்டர். அதில் பாதியளவான 20 மீட்டர்க் கம்பியை நடுவில் துண்டித்து, பக்கத்துக்கு 10 மீட்டராக உயரத்தில் இழுத்துக் கட்டினால், எளிய வான்கம்பி ஒன்று அமைந்துவிடும். தூத்துக்குடி மாவட்டத்தில், பனங்காடும் தேரி மணலும் சூழ்ந்த நாசரேத்து வட்டாரத்தில், இதற்குத் தூண் தேடி அலைய வேண்டியதில்லை. தோட்டத்து மரங்களே போதும். கிறித்தவ மறைப்பணியாளர் மர்காஷிஸ் ஐயர் 19ஆம் நூற்றாண்டிலேயே கைத்தொழிற்பள்ளி கண்ட ஊராதலால், கையால் ஒன்றைச் செய்து முடிப்பதன் சுவையும் அங்குப் புதிதன்று. ஆனால் மொட்டைமாடியும் கொல்லையும் ஏற்கெனவே ஆளப்படும் இடங்கள். அங்கே துணி காயும், வற்றல் காயும். துணி காயும் கொடிக்கயிற்றோடு வான்கம்பியைச் சேர்த்துக் கட்டவும் இயலாது. ஏனெனில் அலை பரப்பும் வேளையில் கம்பியின் இரு நுனிகளிலும் மின்னழுத்தம் மிகுந்திருக்கும், கை பட்டால் சுடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது கருவியிலிருந்து வான்கம்பியின் வடத்தைக் கழற்றிவிட வேண்டும் என்பதும், கருவிக்கு உரியவர் வெளியூர் போயிருக்கும் நாளில் வீட்டில் இருக்கும் ஒருவர் நினைவில் வைக்க வேண்டிய செய்தியாகிறது. விருப்பம் ஒருவருடையதே எனினும், அதன் கம்பி மட்டும் எல்லோர் தலைக்கு மேலும் ஓடுகிறது.

அடுத்தது பணம். ஆர்வம் செலவைத் தாங்காது என்பதற்குத் தமிழகத்தின் வானொலி வரலாறே சான்று. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924இல் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம், அரசின் வானொலி நிலையம் எதுவும் சென்னையில் இல்லாத காலத்திலேயே ஒலிபரப்பு நடத்தியது. எனினும் பணமுடையால் 1927இல் அது நின்றுபோயிற்று, கழகத்தின் கருவி மாநகராட்சியின் கைக்குச் சென்றது. ஆர்வலர் பலர் கூடிய கழகத்துக்கே நேர்ந்த இது, மாதச் சம்பளத்தில் நடக்கும் வீட்டுக்கு நேராது என்பதற்கு உறுதியில்லை. தொழிற்சாலையில் செய்த கருவியை விலை கொடுத்து வாங்குவதைவிட, பழைய உதிரிகளைச் சேர்த்து ஈயப் பற்று வைத்துத் தாமே ஒன்றை அமைப்பவர், பணத்தை மிச்சம் பிடித்து நேரத்தைச் செலவிடுகிறார். அந்த நேரமோ மீண்டும் பொதுக் கிணற்றிலிருந்தே இறைக்கப்படுகிறது.

ஆகவே மூன்றாவதாகிய நேரமே உண்மையான சிக்கல். இதில் இயற்கையும் ஒரு கட்சிக்காரராக வந்து சேர்கிறது. பூமிக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் தொடங்கும் அயனி மண்டலம், கதிரவனின் ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகளைக் கொண்டது. அதன் கீழடுக்கு பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகளைப் பெரிதும் விழுங்கிவிடும், கதிரவன் சாய்ந்தபின் மறைந்துவிடும். அப்போது அலைகள் மேலடுக்கை எட்டித் திரும்பி வருவதால், பகலில் சில நூறு கிலோமீட்டர் சென்ற குரல் இரவில் கடல் கடந்து பல்லாயிரம் கிலோமீட்டர் போகிறது. அதாவது, பிள்ளைகள் பாடம் படிப்பதும், அடுப்படி வேலை முடிவதும், குடும்ப ஜெபத்துக்கு எல்லோரும் பாயில் அமர்வதும் எந்த நேரமோ, அந்த நேரத்திலேயே வானமும் திறக்கிறது. காதில் ஹெட்போனை மாட்டியவர் இரைச்சலுக்கிடையே மெலிந்து வரும் ஒரு குரலைப் பிடிக்க மூச்சையும் அடக்கிக்கொண்டிருக்கையில், சாப்பிட வாருங்கள் என்னும் அழைப்பு மூன்று முறை அவரை எட்டாமல் போவதுண்டு. உரையாடலைச் சுருக்குவதற்கென ஹாம்கள் கையாளும் மூன்றெழுத்துக் குறிகளில் கியூ.ஆர்.எம். என்பது பிற நிலையங்களால் நேரும் இடையூற்றையும், கியூ.ஆர்.டி. என்பது நிலையத்தை மூடுவதையும் குறிக்கும். வீட்டாரின் அழைப்பை முதற்குறியாகக் கொள்பவருக்கும் இரண்டாவது குறிக்கான நினைவூட்டலாகக் கொள்பவருக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இவ்விருப்பத்தின் குடும்ப நலம் அடங்கியிருக்கிறது.

இதற்குத் தீர்வாக, வீட்டாரையும் இதில் சேர்த்துக்கொண்டால் போதும் என்று சொல்வது எளிது. ஆனால் சட்டம் அதற்கு அவ்வளவு எளிதாக இடந்தராது. உரிமம் இல்லாத மனைவியோ மகளோ, பக்கத்திலேயே அமர்ந்திருந்தாலும், தம் விருப்பப்படி மைக்கை எடுத்துப் பேசிவிட முடியாது. ஹாம்களின் பழைய வழக்கில் மனைவியைக் குறிக்கும் எக்ஸ்.ஒய்.எல். என்னும் சுருக்கத்துக்கு 'முன்னாள் இளம்பெண்' என்பதே பொருள். மனைவி நிலையத்துக்கு வெளியே நிற்பவர் என்று எண்ணிய ஆண்களின் நகைச்சுவை அது. உள்ளே வர விரும்புபவர் தாமே தேர்வெழுதித் தமக்கென ஓர் அழைப்புக்குறி பெற வேண்டும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியின் குறி வி.யு.2 ஆர்.ஜி. என்றால், சோனியா காந்தியின் குறி வி.யு.2 எஸ்.ஓ.என்.; ஜோர்டான் மன்னர் ஹுசைனுக்கும் அரசி நூருக்கும் அவ்வாறே தனித்தனிக் குறிகள் இருந்தன. தந்தையின் பெயரெழுத்தையோ கணவன் பெயரையோ சுமந்தே பெண்ணின் பெயர் எழுதப்படும் தமிழ்ச் சூழலில், யாருடைய பெயரையும் ஒட்டிக்கொள்ளாமல் ஒரு பெண் அலையில் அழைக்கப்படுவது கருதத்தக்கது. ஒரே கூரையின் கீழ் இரண்டு குறிகள் இருப்பின், அங்கே ஒருவரின் விருப்பத்துக்கு மற்றவர் துணைநிற்பது என்னும் நிலை மாறி, இருவரும் சமமாக நிற்கும் நிலை உருவாகிறது. அதே வேளையில், இதில் நாட்டமே இல்லாமலிருக்கும் உரிமையும் வீட்டாருக்கு உண்டு. பிறர் இன்பத்தைக் கெடுக்காமலிருப்பது அன்பின் கடமையாகலாம், அதில் தாமும் இன்புற்றே ஆக வேண்டும் என்பது கடமையாகாது.

நாட்டமுடைய பிள்ளைக்கோ இது அரிய பள்ளி. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஹாம் கருவி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் அது தலைக்கு மேலே கடந்து செல்லும் பத்து நிமிடங்களில், 145.800 மெகாஹெர்ட்ஸில் அதன் ஒலியைச் சிறிய கருவி கொண்டே கேட்கலாம். மாடியில் பிள்ளை வான்கம்பியைக் கையில் பிடித்து வானத்தின் குறுக்கே மெல்லத் திருப்ப, தாயோ தந்தையோ அலைவரிசையைச் சரிசெய்ய, நிலையம் நெருங்கும்போது சற்றுக் கூடியிருந்த அதிர்வெண் விலகும்போது குறைவதை இருவரும் எண்ணாகவே பார்க்கலாம். ரயில் ஊதிக்கொண்டு கடக்கும்போது ஒலி மாறுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே என்பதை அந்தப் பத்து நிமிடம் கற்பித்துவிடும்.

இவ்விருப்பத்துக்காக வாதாடுவோர் பெரும்பாலும் பேரிடர்க் காலப் பயனையே முன்வைப்பர். அதற்குச் சான்றும் உண்டு. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனக் குழுவினருடன் அந்தமானின் போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத், டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, விருப்பத்துக்காகக் கொண்டுபோன கருவியைக் கொண்டே பெருநிலத்தோடு தொடர்புகொண்டு, தீவில் இருந்தவர்கள் நலமாயிருக்கும் செய்தியை அவர்தம் குடும்பங்களுக்கு எட்டச் செய்தார். ஒருவரின் பொழுதுபோக்கு எத்தனையோ வீடுகளின் கலக்கம் தீர்த்த நாள் அது. எனினும் அத்தகைய நாள் ஒருவரின் வாழ்நாளில் ஒருமுறைகூட வராமற்போகலாம். என்றோ வரக்கூடிய இடரைக் காட்டி இன்றைய இரவுகளுக்கெல்லாம் விலக்குக் கேட்பது நேர்மையான வாதமாகாது. இதில் இன்பம் இருக்கிறது, அதனாலேயே இது வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்வதே நேர்மை; அப்படிச் சொல்பவரே அந்த இன்பத்துக்கான விலையையும் ஒப்புக்கொள்கிறார்.

அந்த விலையைக் கணக்கிடும் கருவி ஹாமின் மேசையிலேயே இருக்கிறது. எவரோடு, எந்த அலைவரிசையில், எந்நேரம் தொடங்கி எந்நேரம் வரை பேசப்பட்டது என்பதை அவர் ஒரு பதிவேட்டில் எழுதி வர வேண்டும். நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறிப்பதே ஹாம்களின் வழக்கம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. நாசரேத்தில் இரவு எட்டு மணி என்பது பதிவேட்டில் 14.30 ஆகும். சீட்டாடுபவரும் அரட்டையில் ஆழ்ந்தவரும் வைத்திராத இந்தக் கணக்கை, இவர் மட்டும் தம் கையெழுத்திலேயே வைத்திருக்கிறார்; பொதுக் கிணற்றிலிருந்து இறைத்த ஒவ்வொரு வாளியும் அதில் ஏறியிருக்கிறது. அந்த ஏட்டை வீட்டில் எவரும் எடுத்துப் புரட்டலாம் என்றிருப்பதும், அதன் பக்கங்களில் 14.30 என்னும் எண் பல நாள் காணப்படாமலிருப்பதும், வான்கம்பியும் கொடிக்கயிறும் ஒரே மாடியில் நீடித்திருப்பதற்குப் போதுமானவை.